புலிட்சரா, புக்கரா? வாங்கிப் படிக்க எந்தப் பட்டியலை நம்பலாம்

அட்டையில் தங்க நிறத்தில் ஒரு வட்டம் ஒட்டி, உள்ளே ஏதோ ஒரு விருதின் பெயர் இருந்தால் கை தானாக அந்தப் புத்தகத்தின் பக்கம் போய்விடுகிறது. அதில் தப்பில்லை. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆங்கிலப் புத்தகங்களுக்கு மேல் படிக்க நேரமில்லாதவர்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஐந்நூறு அறுநூறு ரூபாய் கொடுக்கும் முன் இரண்டு தடவை யோசிக்கிறவர்களுக்கு, வேறு யாராவது படித்துப் பார்த்து வடிகட்டித் தந்தால் நல்லதுதானே. ஆனால் வடிகட்டியது யார், எந்தக் கணக்கில் வடிகட்டினார்கள் என்று பார்க்காமல் வாங்கினால் பாதிப் புத்தகம் ஐம்பதாவது பக்கத்தோடு அலமாரிக்குப் போய்விடும்.

ஆங்கிலத்தில் படிக்கிற தமிழ் வாசகர் முன்னால் பெரும்பாலும் வந்து நிற்பவை நான்கு: புலிட்சர், புக்கர், சர்வதேச புக்கர், அப்புறம் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்ட். நோபலைச் சேர்க்கவில்லை, அது ஒருவருடைய மொத்த எழுத்துக்குத் தருவது, அவர் எழுதியதில் எதை முதலில் கையில் எடுப்பது என்று அது சொல்லாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்திக் கட்டுரைக்கும் புனைவல்லாத நூலுக்கும் புலிட்சரைப் பின்தொடருங்கள். நாவலுக்கு புக்கர் குறும்பட்டியல், அதாவது கடைசிச் சுற்றுக்கு வரும் ஆறு நாவல்கள். புலிட்சர் வாங்கிய நாவல் என்பதற்காக மட்டும் ஒரு நாவலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஏன் என்பதுதான் கீழே.

புலிட்சர் என்றதும் நாவல் ஞாபகம் வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம், ஆனால் அது அடிப்படையில் பத்திரிகைக்காரர்களின் பரிசு. ஹங்கேரியில் 1847இல் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய்ப் பத்திரிகை முதலாளியான ஜோசப் புலிட்சர் 1911இல் இறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அவர் உயிலில் விட்டுப் போன பணத்திலிருந்து 1917இல் முதல் பரிசுகள் கொடுக்கப்பட்டன. (பரபரப்புக்காக எதையும் அச்சடிப்பார்கள் என்று பெயர் வாங்கிய பத்திரிகைகளில் அவருடைய நியூயார்க் வேர்ல்டும் ஒன்று. நல்ல பத்திரிகைத் தொழிலுக்கு உலகத்திலேயே பெரிய பெயர் அவருடையதாகிப் போனது காலத்தின் குறும்பு.) இப்போது 23 பிரிவுகள், அதில் 15 செய்தித் துறைக்கு. மீதி எட்டில்தான் நாவல், வரலாறு, வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு, கவிதை, பொதுப் புனைவல்லாத நூல், நாடகம், இசை எல்லாம் அடக்கம். பொதுச்சேவைப் பிரிவுக்குத் தங்கப் பதக்கம், அது தனி ஆளுக்கு இல்லாமல் செய்தி நிறுவனத்துக்குப் போகும். மற்ற பிரிவுகளுக்கு 15,000 டாலர்.

இந்த 15 பிரிவுகளை நம் ஆட்கள் ஏன் கவனிப்பதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. செய்திப் பிரிவில் 1995இலிருந்து வென்ற கட்டுரைகள் புலிட்சர் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. உலகத்தின் சிறந்த நிருபர்கள் சிலர் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் தோண்டி எடுத்ததை ஒரு பைசா செலவில்லாமல் படிக்கலாம். 2016இல் பொதுச்சேவைப் பதக்கம் வாங்கிய அசோசியேட்டட் பிரஸ் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் பெஞ்சினா என்ற தீவுக் கிராமத்தில் மீன்பிடிக் கப்பல்களுக்கு அடிமைகளாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தவர்கள் பற்றியது, பெரும்பாலும் மியான்மரைச் சேர்ந்தவர்கள், சிலரைக் கூண்டிலேயே அடைத்திருந்தார்கள். நிருபர்கள் அந்த மீன் ஏறிய கப்பலைச் செயற்கைக்கோள் வழியே பின்தொடர்ந்து, கரையில் லாரிகளைப் பின்தொடர்ந்து, கடைசியில் அது அமெரிக்க சூப்பர் மார்க்கெட் அலமாரிக்கு எப்படி வருகிறது என்று கண்ணி கண்ணியாகக் காட்டினார்கள். அதோடு ஒரு விஷயம். ஆட்கள் விடுவிக்கப்பட்ட பிறகுதான் அவர்களுடைய முகமும் பெயரும் வரும் செய்தியை வெளியிட்டார்கள், முன்னாலேயே போட்டிருந்தால் உயிருக்கு ஆபத்து. 2,000 பேருக்கு மேல் விடுதலை ஆனார்கள். எந்த துப்பறியும் நாவலிலும் இவ்வளவு விறுவிறுப்பை நான் பார்த்ததில்லை.

அமெரிக்கப் பரிசு என்றாலும் செய்திப் பிரிவில் நிருபர் அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை, வெளியிட்ட நிறுவனம்தான் விதிக்குள் வர வேண்டும். அதனால்தான் ராய்ட்டர்ஸின் இந்தியப் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திகி 2018இல் ரோஹிங்யா அகதிகள் படங்களுக்காக அந்தக் குழுவோடு சேர்ந்து வாங்க முடிந்தது. 2021இல் ஆப்கானிஸ்தானில் அவர் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் இந்தியாவின் கோவிட் படங்களுக்காக அத்னான் அபிதி, சனா இர்ஷாத் மட்டூ, அமித் தவே ஆகியோரோடு அவருக்கும் மறுபடி பரிசு அறிவிக்கப்பட்டது. காஷ்மீரைச் சேர்ந்த மட்டூவை அதே வருடம் அக்டோபரில், பரிசு வாங்க நியூயார்க் கிளம்பியபோது, டெல்லி விமான நிலையத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். மேகா ராஜகோபாலன் என்ற பெயரும் பலருக்கு நினைவிருக்கும். சீனாவின் ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களை அடைத்து வைக்கும் முகாம்களைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கண்டுபிடித்த பஸ்ஃபீட் நியூஸ் குழுவில் அவர் ஒருவர், 2021இல் சர்வதேசச் செய்திப் பரிசு. இரண்டு வருடத்தில் அந்தச் செய்தித் தளத்தையே மூடிவிட்டார்கள். பரிசு கம்பெனியைக் காப்பாற்றாது போலிருக்கிறது.

சரி, புலிட்சர் செய்திப் பரிசு தப்பே செய்ததில்லையா? செய்திருக்கிறது, பெரிய தப்பாகவே. 1981இல் வாஷிங்டன் போஸ்ட்டின் ஜேனட் குக், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுப் பையனைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. அப்படி ஒரு பையனே இல்லை என்று தெரிந்ததும் பரிசைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதைவிட மோசமானது 1932. நியூயார்க் டைம்ஸின் வால்டர் டுராண்டி ஸ்டாலினின் ரஷ்யாவைப் பற்றி எழுதியதற்குப் பரிசு வாங்கினார், பிறகு உக்ரைன் பஞ்சத்தையே மறைத்து எழுதினார். பரிசைத் திரும்ப எடுக்கச் சொல்லி உக்ரைனியர்கள் எவ்வளவோ கேட்டும் 2003இல் வாரியம் மறுத்துவிட்டது. அதனால் பரிசு வாங்கியதெல்லாம் வேதவாக்கு என்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்குப் புலனாய்வுப் பிரிவிலும் விளக்கச் செய்திப் பிரிவிலும் வருகிறவை ஆவணம், தரவு, பதிவான பேட்டி என்று அடுக்கிக் காட்டுகிறவை. அவற்றை நம்பிப் படிக்கலாம், எப்படிச் செய்தார்கள் என்று கற்றுக்கொள்ளவும் செய்யலாம். தலையங்கம், பத்தி எழுத்து ஆகியவற்றைத் தாண்டிப் போய்விடலாம். அந்தந்த ஊர் அரசியல் தெரியாமல் நமக்கு ஒட்டாது.

புனைவல்லாத நூலிலும் புலிட்சரின் கை நன்றாகவே இருக்கிறது. சித்தார்த்த முகர்ஜி புற்றுநோயின் வரலாற்றை எழுதிய நூலுக்கு 2011இல், எலிசபெத் கோல்பர்ட் உயிரினங்களின் அழிவைப் பற்றி எழுதியதற்கு 2015இல், மாத்யூ டெஸ்மண்ட் வாடகை கட்ட முடியாமல் வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறவர்களைப் பற்றி எழுதியதற்கு 2017இல். மூன்றுமே கனமான விஷயம், மூன்றையும் தூக்கம் வராமல் படிக்கலாம், மூன்றும் வருடங்கள் கழித்தும் பழசாகவில்லை. டெஸ்மண்டின் நூல் மில்வாக்கி என்ற ஒரே ஊரைப் பற்றியதுதான், ஆனாலும் அட்வான்ஸ் கொடுத்து வீடு பார்த்து அலைந்த யாருக்கும் அந்த வயிற்றுக் கலக்கம் புரியும்.

இந்த இடத்தில் நேஷனல் புக் அவார்டை வைத்துப் பார்க்கலாம். 1950இல் தொடங்கியது. நவம்பரில் முடிவு வரும், வென்றவருக்கு 10,000 டாலர். பத்துப் புத்தகங்களின் நெடும்பட்டியல், பிறகு ஐந்து, பிறகு ஒன்று. புலிட்சர் பெரும்பாலும் மே மாதம் வருவதால், ஒரே வருடத்துப் புத்தகங்களை இது ஆறு மாதம் முன்னாலேயே பார்த்துவிடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் வாசகருக்கு லாபம். மும்பை விமான நிலையத்தை ஒட்டிய அண்ணாவாடி குடிசைப் பகுதியைப் பற்றி கேதரின் பூ எழுதிய நூல் 2012இல் நேஷனல் புக் அவார்டை வென்றது, புலிட்சரில் இறுதிச் சுற்றோடு நின்றுவிட்டது. புலிட்சரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தியாவைப் பற்றி எழுதப்பட்ட மிக நல்ல செய்தி நூல்களில் ஒன்றைத் தவறவிட்டிருப்போம். எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. டோனி மோரிசனின் 'பிலவ்ட்' 1987இல் நேஷனல் புக் அவார்டைத் தவறவிட்டது. கறுப்பின எழுத்தாளர்கள் 48 பேர் இது அநியாயம் என்று நியூயார்க் டைம்ஸில் அறிக்கை விட்டார்கள். 1988இல் புலிட்சர் அவருக்குக் கிடைத்தது. அறிக்கை இல்லாவிட்டாலும் கிடைத்திருக்குமா என்று இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். எனவே, புனைவல்லாத நூலுக்கு இரண்டு இறுதிப் பட்டியல்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த விஷயத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது. வென்றதா தோற்றதா என்பது இரண்டாம்பட்சம்.

இனி நாவல். புலிட்சர் நாவல் பரிசில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, விதியிலேயே 'அமெரிக்க வாழ்க்கையைப் பற்றியதாக இருந்தால் நல்லது' என்ற பொருளில் ஒரு வரி உண்டு. அது அவர்கள் நாட்டுப் பரிசு, அவர்கள் இஷ்டம். ஆனால் திண்டுக்கல்லிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது ஒரு வேலி. ஜும்பா லாஹிரி 2000இல் வாங்கினார் என்றால் அதுவும் பாதி அமெரிக்காவில் நடக்கிற கதைகளுக்குத்தான்.

இன்னொன்று, யார் முடிவு செய்கிறார்கள் என்பது. நூற்றுக்கணக்கான நாவல்களைப் படித்து மூன்றைத் தேர்ந்தெடுப்பது ஒரு சிறிய நடுவர் குழு. பரிசு யாருக்கு என்று தீர்மானிப்பது வேறொரு வாரியம், அதில் இருப்பவர்களில் கணிசமானவர்கள் பத்திரிகை ஆசிரியர்களும் நிருபர்களும். 1974இல் மூன்று நடுவர்களும் ஒருமனதாக தாமஸ் பிஞ்சனின் நாவலைச் சொன்னார்கள். வாரியத்தில் சிலருக்கு அது படிக்க முடியாததாகவும் ஆபாசமாகவும் பட்டது. அந்த வருடம் நாவலுக்குப் பரிசே இல்லை. 2012இல் நடுவர்கள் முந்நூறு நாவல்களைப் படித்து மூன்றைக் கொடுத்தார்கள், வாரியத்தில் எதற்கும் பெரும்பான்மை வரவில்லை, மறுபடியும் பரிசு இல்லை. 2023இல் நேர்மாறாக இரண்டு நாவல்களுக்குக் கொடுத்தார்கள். 2025இல் பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' வென்றது, ஆனால் அது நடுவர்கள் முதலில் கொடுத்த மூன்றில் இல்லை, வாரியம் கேட்டு நான்காவதாக வந்தது. நல்ல நாவல்தான் ஜெயித்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் புகார் வேறு. முந்நூறு நாவல்களைப் படித்தவர்களின் ருசி ஒன்று, முடிவு எடுக்கிறவர்களின் ருசி இன்னொன்று என்றால், நம் கைக்கு வருவது யாருடைய சிபாரிசு?

புக்கரில் இந்தக் குழப்பம் இல்லை. 1969இல் பிரிட்டனில் தொடங்கியது, வருடா வருடம் புதிதாக ஐந்து நடுவர்கள், அவர்களேதான் படிக்கிறார்கள், அவர்களேதான் முடிவு செய்கிறார்கள். நூற்றைம்பது நாவல்கள் வரை படித்து ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் பன்னிரண்டோ பதிமூன்றோ கொண்ட நெடும்பட்டியல், செப்டம்பரில் ஆறு, நவம்பர் வாக்கில் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி முதலிலிருந்து படிப்பார்கள் என்பதால் குறும்பட்டியலுக்கு வரும் நாவல் இரண்டு மூன்று வாசிப்பைத் தாங்கியது என்று அர்த்தம். என்னைப் பொறுத்தவரை இது பெரிய தகுதி. முதல் வாசிப்பில் மினுங்கிவிட்டு இரண்டாவதில் பல்லிளிக்கும் நாவல்கள் அங்கேயே கழன்றுவிடும்.

முன்பு காமன்வெல்த், அயர்லாந்து போன்ற நாடுகளின் எழுத்தாளர்களுக்கு மட்டும் என்றிருந்ததை 2014இல் திறந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதி பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளிவந்தால் போதும், எந்த நாட்டுக்காரரும் வரலாம். அமெரிக்கர்கள் வந்து அடைத்துக்கொள்கிறார்கள் என்ற முணுமுணுப்பு அன்றிலிருந்து இருக்கிறது, அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதே காலத்தில்தான், போருக்குப் பிந்தைய இலங்கையின் வடக்குக்கு ஒருவன் ரயிலில் போவதை எழுதிய அனுக் அருட்பிரகாசம் 2021 குறும்பட்டியலுக்கு வந்தார். அடுத்த வருடமே ஷெஹான் கருணாதிலக, செத்துப்போன ஒரு புகைப்படக்காரர் தன்னைக் கொன்றது யார் என்று தேடுகிற கொழும்புக் கதையோடு பரிசையே வாங்கினார். இலங்கைப் போரைப் பற்றி இரண்டு முற்றிலும் வேறான குரல்கள், ஒன்று மெதுவாக உள்ளே இறங்குவது, மற்றது கேலியும் கோபமுமாகக் குதிப்பது, அடுத்தடுத்த வருடங்களில் ஒரே பட்டியல் வழியாக வந்தன. அப்போதைய விதிப்படி அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவரின் நாவலைப் புலிட்சர் எடுத்துப் பார்த்திருக்கவே முடியாது.

புக்கரின் குறையையும் சொல்ல வேண்டும். ஐந்து பேர் மாறினால் ருசியும் மாறும், ஒரு வருடம் சோதனை முயற்சி, மறு வருடம் பழைய பாணிக் கதை. 2019இல் விதிப்படி ஒருவருக்குத்தான் தர வேண்டும் என்று சொல்லியும் கேட்காமல் மார்கரெட் அட்வுட்டுக்கும் பெர்னார்டின் எவரிஸ்டோவுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். வென்றதை விட்டுவிட்டுக் குறும்பட்டியலைப் பிடியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஆறு நாவல்களின் முதல் பத்துப் பக்கத்தைப் படித்துப் பார்த்தால் உங்களுக்கானது எது என்று தெரிந்துவிடும்.

சர்வதேச புக்கர் பற்றி ஒரு தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் வேறு. ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட புனைவுக்கு 2016இலிருந்து வருடம் ஒரு புத்தகம் என்று தருகிறார்கள், 50,000 பவுண்டு, எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. அந்த 2016இல் வாங்கியவர் கொரியாவின் ஹான் காங், எட்டு வருடம் கழித்துத்தான் நோபல் அவரைத் தேடி வந்தது. கொரியா, லத்தீன் அமெரிக்கா, கிழக்கு ஐரோப்பா என்று வேறு வழியில் நமக்கு வரவே வராத எழுத்துக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. ஆனால் இந்தியப் புத்தகம் வரும்போது கொஞ்சம் யோசியுங்கள். 2023 நெடும்பட்டியலில் பெருமாள்முருகனின் 'பூக்குழி' வந்தது, அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பு, தமிழிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் நாவல். அதைக் கேள்விப்பட்டு ஆங்கிலப் பதிப்பைத் தேடி வாங்கிய தமிழர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏன் சாமி, அதுதான் தமிழிலேயே இருக்கிறதே! 2025இல் பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகள் தீபா பாஸ்தியின் ஆங்கிலத்தில் பரிசு வாங்கின. கன்னடத்திலிருந்து நேராகத் தமிழுக்கு வந்த கதைகள் கண்ணில் பட்டால் முதலில் அதை எடுங்கள், ஆங்கிலம் வழியாகச் சுற்றி வர வேண்டாம்.

புலிட்சரின் மற்ற பிரிவுகளைச் சுருக்கமாக. நாடகம் நடிக்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் உபயோகம், மேடையில் பார்க்க வாய்ப்பில்லாத நமக்குப் பிரதியாக மட்டும் படிப்பது ருசிப்பதில்லை. கவிதை நல்ல பிரிவு, பெங்களூரில் பிறந்த விஜய் சேஷாத்ரி 2014இல் வாங்கியிருக்கிறார், மெல்லிய தொகுப்பு என்பதால் வீணாகப் போனாலும் பெரிய நஷ்டமில்லை. இசைப் பிரிவை வேடிக்கை பார்க்கலாம். 1965இல் ஜாஸ் இசைக்கலைஞர் ட்யூக் எலிங்டனுக்குச் சிறப்பு விருது தரலாம் என்று நடுவர்கள் சொன்னதை வாரியம் தள்ளிவிட்டது, அப்போது அவருக்கு 66 வயது. அவர் இறந்து 25 வருடம் கழித்து 1999இல் கொடுத்தார்கள். 2018இல் ராப் பாடகர் கென்ட்ரிக் லாமருக்கே கொடுத்துவிட்டார்கள். இதை நம்பிப் பாட்டு கேட்க ஆரம்பித்தால் நாம் எப்போதும் முப்பது வருடம் பின்னால் இருப்போம்.

பணக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. புக்கர் பட்டியல் நாவல்களுக்கு இந்திய விலையில் பதிப்பு பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடும், பரிசு அறிவித்த வாரத்தில் எல்லாக் கடையிலும் அடுக்கியிருப்பார்கள். அமெரிக்கப் புனைவல்லாத நூல்கள் கெட்டி அட்டையில் இறக்குமதி விலைக்கு விற்கும். அவசரப்படாமல் சாதா அட்டைப் பதிப்பு வரும் வரை பொறுத்தால் பாதி விலை மிச்சம். பொறுக்க முடியாதவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு நடை தேடிப் பார்க்கலாம்.

நண்பர்களோடு சேர்ந்து படிக்கிற குழு வைத்திருப்பவர்கள் புக்கரை எடுங்கள், செப்டம்பரில் ஆறு பேருக்கு ஆளுக்கொன்று பிரித்துக் கொடுத்து, முடிவு வருவதற்குள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். பத்திரிகை வேலையில் இருக்கிறவர்கள், இதழியல் படிக்கிற பிள்ளைகள், ஏன், சும்மா யூடியூபில் ஊர்ச் செய்தி போடுகிறவர்கள்கூட, புலிட்சரின் உள்ளூர்ச் செய்திப் பிரிவைப் பாருங்கள். சின்ன ஊர்ப் பத்திரிகைகள் நகராட்சிக் கணக்கையும் போலீஸ் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்திருக்கின்றன என்பது அங்கே இருக்கிறது. இரண்டிலும் சேராத, எங்கே தொடங்குவது என்று மட்டும் கேட்கிறவருக்கு: அந்த 2016 அசோசியேட்டட் பிரஸ் தொடரை இன்று ராத்திரியே திறந்து படியுங்கள், காசு செலவில்லை. நாவலுக்கு செப்டம்பர் வரை பொறுக்கலாம்.